மூன்றாவது கம்பி

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முன்னறையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா ரூபி மதினி, யாரும் கூப்பிடாமல் வந்தவர்கள். சர்ச்சில் பாடகர் குழு நடத்தும் அருமைநாயகம் சார், கூப்பிட்டு வந்தவர். பெங்களூரில் இருந்து போனில் என் மகள் ஹெலன். எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்த அன்னபாக்கியம் ஆகிய நான். பூனையும் இருந்தது, ஆனால் அது சாட்சி சொல்லாது.

எனக்கு மறந்துபோகும் என்று இதை எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. மற்றவர்கள் 'நான் எப்போ அப்படிச் சொன்னேன்' என்று கேட்பார்கள், அதற்காக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இந்த மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். மாதக் கடைசி ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. ஐம்பது முடித்தவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும், அவர்களுக்காக ஒரு தனிப்பாட்டு உண்டு. இது எங்கள் சபை வழக்கம். வீட்டுக்காரர், அந்தப் பாட்டை நானே ஸ்டீல் கிட்டாரில் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஸ்டீல் கிட்டார் என்றால் தோளில் மாட்டுகிற சாமான் இல்லை. நாலு கால், மேலே ஒரு நீளப் பலகை, அதில் பத்துக் கம்பி, அடியில் காலால் மிதிக்க மூன்று பெடல். கப்பலில் சமையல்காரராக இருந்த காலத்தில் ஓர் அமெரிக்க இன்ஜினியரிடம் வாங்கியது. அவனிடமே ஒரு பிரயாணம் முழுக்கக் கற்றுக்கொண்டாராம். வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு மறுபடியும் கப்பல் ஏறிப் போய்விட்டார்.

மதினி அதைப் பார்த்துவிட்டு, "இதுவா? இது பாக்கியம் துணி தேய்க்கிற மேசைல்லா" என்றார்கள்.

உண்மைதான். கம்பளி விரித்தால் அளவான உயரம். ஆள் கடலில் இருக்கும்போது நல்ல மேசையை யார் சும்மா போடுவார்கள்? பலகையில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஒரு கறை இருப்பதை அருமைநாயகம் சார் குனிந்து பார்த்தார். அமெரிக்காக்காரன் அப்படியே விற்றிருப்பான் என்று சொன்னேன்.

பழைய கம்பி ஒன்றுகூட இல்லை. எங்கே என்று கேட்டார்கள். துருப்பிடித்துப் போயிருக்கும் என்றேன். அவித்த முட்டையை அறுக்க அதைப்போல ஒரு கம்பி இந்த ஊரில் கிடையாது. ஆனால் அதெல்லாம் பாடகர் குழு நடத்துகிறவரிடம் பேசுகிற பேச்சா?

கடைசியில் முடிவானது: ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை ஒத்திகைக்குள் கிட்டார் பேசவில்லை என்றால் தனிப்பாட்டை ரூபி மதினி பாடுவார்கள்.

எங்கள் கல்யாணத்திலும் மதினிதான் பாடினார்கள். எல்லாச் சரணத்தையும் பாடிவிட்டு, திரும்பவும் முதல் சரணத்துக்கு வந்தார்கள். வெளியே பிரியாணி ஆறிப்போனது. என் பெரியப்பா சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். பெரியப்பா இப்போது இல்லை. நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

பெடலில் இருந்து மேலே போகிற ஒரு தண்டைக் காணோம் என்று வீட்டுக்காரர் தரையில் படுத்துத் தேடினார். பின்பக்கம் சாக்கடை அடைப்பைக் குத்த ஒரு தண்டு ரொம்ப நாளாக இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்து, இது ஆகுமா பாருங்கள் என்று கொடுத்தேன். செய்து வைத்தது போலப் பொருந்தியது. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். தேவ கிருபை என்றேன்.

ஆகஸ்ட் 8

ஹெலன் போனில் பத்து நம்பர் அனுப்பியிருக்கிறாள். கம்பியின் தடிமனுக்குத்தான் நம்பராம். நம்பர் ஏற ஏறக் கம்பி தடிக்கும். பெங்களூர்க் கடைக்காரர் வரிசையாகச் சொல்லச் சொல்ல எழுதினாளாம். வீட்டுக்காரர் வாசித்தார்: பதின்மூன்று, பதினைந்து, பதினொன்று, பதினான்கு, பதினேழு, இருபது என்று முப்பத்தாறு வரை போகிறது.

பதினைந்துக்குப் பிறகு பதினொன்று வருமா? ஹெலன் சின்ன வயதில் இருந்தே இப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் ஆத்திசூடியைக் கடைசியில் இருந்து சொல்லிப் பரிசை இழந்தவள். பரிசை வாங்கினது ரூபி மதினியின் மகள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. நீளம்.

ஆகஸ்ட் 11

மத்தியானம் குழம்புக்கு அரைத்துக்கொண்டு இருந்தேன். முன்னறையில் வீட்டுக்காரர் கம்பியே இல்லாத கிட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து, கம்பிமேல் வைத்து வழுக்குகிற இரும்பு உருளையை வெறும் பலகைக்கு மேலே இழுக்கிறார், காலால் பெடலை மிதிக்கிறார், வாய்க்குள் முனகுகிறார். கல்யாணத்தன்று மதினி பாடிப் பிரியாணியை ஆறவைத்த அதே பாட்டு. இவர் முனகும்போது அது வேறு பாட்டாக இருக்கிறது.

மிக்சியை நிறுத்திவிட்டேன். கரண்ட் குறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 12

ஹெலன் அனுப்பின கம்பி வந்துவிட்டது. ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காகித உறையில். உறையின்மேல் நம்பர்.

எங்கள் தூத்துக்குடிக் காற்றில் இரும்பு இரண்டு நாள் தாங்காது. அதனால் வீட்டுக்காரர் தூங்கும்போது ஒரு செட்டைப் பிரித்து, எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, ஆணியில் மாட்டினேன். கண்டபடி மாட்டவில்லை. விரலில் உருட்டிப் பார்த்து, மெலிந்தது முதலில், தடித்தது கடைசியில் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல உயரவாரியாக மாட்டினேன். யாரும் நன்றி சொல்லவில்லை. உறை எங்கே, நம்பர் எங்கே என்றுதான் வீட்டுக்காரர் கேட்டார். காற்றில் போயிருக்கும் என்றேன்.

அடுத்த செட்டை எடுத்துப்போய்க் கப்பல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 13

எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்குக் கத்தரி விதை, அவள் தங்கைக்கு வெண்டை விதை கொடுத்தேன். அழகான சின்ன உறையில் போட்டுக் கொடுத்ததாகப் புகழ்ந்தார்கள்.

ஆகஸ்ட் 14

கம்பி ஏற்றினார்கள். அருமைநாயகம் சார் சுருதி பார்க்க ஆர்மோனியம் கொண்டு வந்தார். எந்தக் கம்பியை எங்கே போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. ஹெலன் அனுப்பின வரிசைப்படி பார்த்தால் எல்லாவற்றிலும் மெலிந்தது மூன்றாவது இடத்தில் வரும். அது எப்படி என்று வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். என் பாடகர் குழுவில் குட்டையானவர்கள்தான் முன்னால் நிற்பார்கள், உலகம் முழுக்க அப்படித்தான் என்று சார் சொல்லிவிட்டார். ஆணியில் நான் மாட்டினபடியே ஏற்றினார்கள். ஹெலன் குழப்பினதை நான் ஒழுங்கு செய்திருக்கிறேன் என்று சார் என்னைப் பார்த்துச் சொன்னார். அவர்மேல் எனக்கு இருந்த ஒரு கோபத்தை (பண்டிகை அன்று என் கேக்கைத் தொடாதது) அந்த நேரம் தள்ளிவைத்தேன்.

முதல் இரண்டும் வாழைநார் மாதிரித் தொங்கின. மூன்றாவதுதான் இந்த வாத்தியத்தில் உச்சக் குரலாம். அதை வீட்டுக்காரர் மேலே மேலே முறுக்கினார். நின்றது. பெடலை மிதித்தால் அந்தக் கம்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துக் குரலை ஏற்றுமாம். மிதித்தார். பட்டென்று அறுந்தது. பூனை பீரோவுக்கு அடியில் போனது சாயங்காலம்தான் வந்தது.

சாரின் கேக் கோபத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டே எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து யோசித்தார்கள்.

நான்தான் வழி சொன்னேன். துணி காயப்போடுகிற கயிறு அறுந்தால் அதைவிடத் தடித்த கயிறு கட்டுவோமா, தையல் நூல் கட்டுவோமா? வீட்டுக்காரர் கழுத்துச் சாவியால் பெட்டியைத் திறந்து பதினைந்தாம் நம்பரை எடுத்தார். அது பெடல் மிதிக்கும் முன்னேயே அறுந்தது. பற்றவில்லை, இன்னும் தடித்ததைப் போடுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 16

பதினேழாம் நம்பர். இது பாதி முறுக்கும்போதே போய்விட்டது. போகும்போது வீட்டுக்காரரின் இடது பெருவிரலைக் கிழித்துவிட்டுப் போனது.

என் பழைய சேலைத் துண்டால் கட்டுப்போட்டேன். அவர் கிட்டாருக்கு மேலே கம்பளியை இழுத்து மூடினார். இஸ்திரி போட வேண்டிய சட்டை ஐந்து இருந்தது. கட்டிலில் வைத்துத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 17

ரூபி மதினி வீட்டில் தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் இடிக்கிறார்களாம். ஸ்டெல்லா சொன்னாள். அவளிடம் யார் கேட்டது?

ஆகஸ்ட் 18

மதினி பெருவிரலைப் பார்க்க வந்தார்கள். கையில் சீப்பு வாழைப்பழம், பழுத்து முடிந்தது. தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பி கிழித்தது என்று கேட்டார்கள். தடித்தது என்றார். தடித்ததைப் போடச் சொன்னது யார் என்று கேட்டார்கள். அறையில் நான் மட்டும்தான் தடிமனாக நின்றுகொண்டிருந்தேன்.

மதினி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்:

"ஏட்டி பாக்கியம், பனையில ஏத்தணும்னா ஒல்லிப்பயல ஏத்துவாவளா, ஒன்னைய ஏத்துவாவளா? உச்சிக்குப் போறதுக்கு ஒடம்பு ஆவாதுட்டி. நீ பாதியில நின்னாலே பனைல்லா முறியும்."

வீட்டுக்காரர் சிரித்தார். விரல் வலிக்கிறது என்று இரண்டு நாளாகச் சோறுகூடச் சரியாகச் சாப்பிடாதவர், சிரித்தார்.

கல்யாணத்தில் மாலை போடும்போது என் கழுத்துக்கு இந்த மாலை பற்றாது என்று சொன்னதும் இதே மதினிதான். ஹெலன் பிறந்தபோது, பிள்ளை எங்கே, தாய்க்குள்ளேயே இன்னும் இருக்கிறதா என்று கேட்டதும் இதே மதினிதான். வாழைப்பழத்தை ஆட்டுக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 19

மதினி பேச்சை நான் காதிலேயே வாங்கவில்லை.

ஆகஸ்ட் 20

கட்டு மாற்ற வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வீடு தூசியாகக் கிடந்தது. கம்பளியை எடுத்து உதறினேன். அப்படியே கிட்டாரையும் துடைத்தேன். துடைக்கும்போது முதல் இடத்தில் இருந்த மெலிந்த கம்பி தானாகக் கழன்றது. கம்பியின் முறுக்காணியை நன்றாகத் திருகினால் தானாகக் கழலும். கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்தேன். மூன்றாவது இடம்தான் காலியாக இருந்தது. அங்கே மாட்டினேன். அவர்கள் ஏற்றும்போது பார்த்துக்கொண்டு நின்றதால் எப்படி மாட்டுவது என்று தெரியும். கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு, கையை நீட்டி, மெதுவாக முறுக்கினேன். ஆர்மோனியம் இல்லாததால் எதுவரை என்று தெரியவில்லை. பயம் வருகிற வரை முறுக்கினேன். அறுந்துபோகவில்லை.

பனைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வந்தவர் பார்த்தார். "யாரு மாத்துனா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும், மீன்காரன் வந்தான், அவனிடம் கேளுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 21

சார் வந்து ஆர்மோனியத்தோடு சுருதி சேர்த்தார். நான் போட்ட இடத்தில், அதாவது அது இருந்த இடத்தில், அந்த மெல்லிய கம்பி இன்னும் இரண்டு சுற்று மேலே ஏறி நின்றது. வீட்டுக்காரர் உருளையை வைத்து, மீட்டி, பெடலை மிதித்தார். குரல் மேலே வழுக்கிப் போனது. அழுதுகொண்டே இருக்கிற பிள்ளை தாயைக் கண்டதும் அழுகையை மாற்றும் அல்லவா, அப்படி. அறுந்துபோகவில்லை. மறுபடியும் மிதித்தார். அடுக்களையில் எனக்குப் பால் பொங்கி வழிந்தது. அடுப்புப் பக்கத்தில்தான் நின்றேன், ஆனாலும் வழிந்தது.

பிறகு வீட்டுக்காரர் போனை எடுத்து, ஹெலன் அனுப்பின நம்பர் வரிசையைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். பதின்மூன்று, பதினைந்து, பதினொன்று. பெட்டியில் இருந்த பதின்மூன்றை முதல் இடத்தில் போட்டார். பதினைந்து இரண்டாவது, பதினான்கு நான்காவது. வாழைநார் எல்லாம் நிமிர்ந்து நின்றது. பிள்ளை சரியாகத்தான் எழுதியிருக்கிறது, நாமதான் படித்தவர்கள் என்று சார் சொன்னார். நாம் என்று அவர் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"அக்கா சொன்னதுதான்வே சரி. உச்சிக்கு ஒல்லிதான் போவும்" என்று வீட்டுக்காரர் சாரிடம் சொன்னார்.

மாற்றினது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மதினி பேச்சைக் கேட்டு மாற்றினேன் என்று ஆகும். வாயை மூடிக்கொண்டேன். ஐம்பது வருஷத்தில் எனக்கு இவ்வளவு கஷ்டமான வேலை வந்ததில்லை.

ஆகஸ்ட் 25

வாசிக்கிறார். காலையில், சாப்பிட்டபின், விளக்கு வைக்கும்போது. இரண்டாவது வரியில் ஒரு இடத்தில் எப்போதும் தடுக்குகிறது, பெருவிரலில் இருக்கிற கட்டு காரணம். நான் இஸ்திரிக்குத் துணியைத் தெருமுனைக் கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றுதான் கல்யாண நாள். மீன் குழம்பு. ஹெலன் போன் செய்தாள். ஆத்திசூடி விஷயத்தில் அவளை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். எந்த ஆத்திசூடி என்று கேட்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

ஒத்திகை. கிட்டாரை வேனில் ஏற்றி சர்ச்சுக்குக் கொண்டு போனார்கள். தண்டு, பெடல், கால் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு தடவை வாசித்துக் காட்டினார். சார் தலையாட்டினார்.

மதினி பாட்டுப் புத்தகத்தைப் பையில் இருந்து எடுத்து, மறுபடியும் பைக்குள் வைத்தார்கள். தொண்டை கட்டியிருக்கிறது, எப்படியும் பாட முடியாது என்றார்கள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பனங்கற்கண்டு இடித்தது வீணாகப் போயிற்றே என்று மட்டும் கேட்டேன். இந்தா நீ தின்னு என்று ஒரு துண்டு என் கையில் வைத்தார்கள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நீலப் பட்டு. ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தது, ஆனால் கொக்கி விலகவில்லை.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் ஐயர் எங்கள் பெயரைச் சொல்லி முன்னால் அழைத்தார். நான் முதல் பெஞ்சு ஓரம் மதினியோடு உட்கார வேண்டியதாயிற்று, ஏனென்றால் வீட்டுக்காரர் கிட்டாருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பின்னால் இரண்டு பேர் அது என்ன மேசை என்று பேசிக்கொண்டார்கள்.

ஆரம்பித்தார். முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியில் அதே இடத்தில் பெருவிரல் வழுக்கி, உருளை ஒரு சத்தம் போட்டது. நிறுத்திவிட்டார். ஒரு குழந்தை இருமியது. மதினி என் கையைப் பிடித்தார்கள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. நான் கையை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை.

வீட்டுக்காரர் கட்டைப் பல்லால் பிடித்து இழுத்துக் கழற்றிக் கீழே போட்டார். முதலில் இருந்து ஆரம்பித்தார். அந்த இடம் வந்தது. போனது. பெடலை மிதித்தார். மூன்றாவது கம்பி உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. கம்பி அறுந்துபோகவில்லை. வேறு எங்கேயோ ஏதோ அறுந்தது போல எனக்கு இருந்தது. எல்லாச் சரணமும் வாசித்தார். திரும்ப முதல் சரணத்துக்கும் வந்தார். நீளம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முடிந்ததும் ஐயர் மைக்கை அவரிடம் கொடுத்து, இந்த வயதில் இதை வாசிக்க உதவியாக இருந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். நான் முந்தானையைச் சரிசெய்தேன்.

"எங்க அக்கா ரூபி. எந்தக் கம்பி எங்க போவணும்னு அவதான் புத்தி சொன்னா" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கைதட்டினார்கள். மதினி எழுந்து நின்று இரண்டு பக்கமும் தலை வணங்கினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வரும் ஆட்டோவில் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உப்பளத்துத் திருப்பம் தாண்டினதும் அவர் மெதுவாகச் சொன்னார்:

"மாத்துனது நீதாம்னு எனக்குத் தெரியும்ட்டி. அங்க வச்சு ஒன் பேரச் சொல்ல வாயத் தொறந்தேன், தொண்ட அடச்சிட்டு. அழுதுருவேன்னு பயந்துட்டேன். அக்கா பேருன்னா அடைக்காதுல்லா."

ஆட்டோக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்து ஓட்டப்பா என்றேன். என் குரலும் சரியில்லை, அது பனங்கற்கண்டு.

இப்போது எல்லாவற்றையும் எழுதி முடிக்கிறேன். பிரியாணி ஆறினதற்கும், மாலைக்கும், பனைமரத்துக்கும் சேர்த்து ரூபி மதினியை இன்றோடு மன்னித்துவிட்டேன். அருமைநாயகம் சாரையும் மன்னித்தேன், வரும் பண்டிகையில் கேக்கைச் சாப்பிட்டால். ஆனால் ஒரு ஆள் உண்டு. சபை முழுக்கக் கேட்க வேண்டிய பேச்சை, ஒரு ஆட்டோக்காரன் மட்டும் கேட்கும்படி சொன்ன ஆள். அந்த ஆளை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. பெயர் வேதமாணிக்கம்.